‘பயணம் பிடிக்கும்’ என்பது போதுமா? டேட்டிங் செயலிகளின் சுயவிவரம் ஈர்ப்பதும் காட்டிக்கொடுப்பதும்

புதுடெல்லி: டிண்டர் செயலியில் தன்னைப் பற்றி எழுத ஒருவருக்குக் கிடைக்கும் இடம் 500 எழுத்துகள். பம்பிளில் 300. ஹிஞ்ச் செயலியில் மூன்று தலைப்புகளுக்குத் தலா 150 எழுத்துகளுக்குள் விடை எழுத வேண்டும். ஒரு காலத்தில் தரகரும், அத்தையும், ஞாயிற்றுக்கிழமை நாளிதழின் வரி விளம்பரமும் சேர்ந்து செய்த வேலையை இன்றைய இளைஞர் இந்தச் சிறு கட்டத்துக்குள் தனியாகச் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

செய்து முடிப்பவர்களில் பெரும்பாலோர் ஒன்றையே எழுதுகின்றனர். பயணம் பிடிக்கும், இசை பிடிக்கும், உணவு பிடிக்கும், நாய்களைப் பிடிக்கும். படிப்பவர் விரலை நகர்த்திவிட்டு அடுத்தவருக்குப் போய்விடுகிறார்.

செயலிகளின் கவனம் அண்மைக்காலமாக வேறு பக்கம் இருக்கிறது. புதிதாகச் சேர்பவரின் முகத்தைக் காணொலி செல்ஃபி வழியே சரிபார்க்கும் முறையை டிண்டர் 2025-ல் இந்தியா உள்ளிட்ட நாடுகளில் கொண்டுவந்தது. அதே ஆண்டில், கட்டணம் செலுத்தும் பயனர்கள் தாங்கள் விரும்பும் உயரத்தைக் குறிப்பிடும் வசதியையும் அந்நிறுவனம் சோதித்துப் பார்த்தது. முகம் உண்மையா என்று இயந்திரம் பார்க்கிறது. உயரத்தை வடிகட்டி பார்த்துக்கொள்கிறது. எழுதப்பட்ட வாக்கியத்தைச் சரிபார்ப்பவர் எவருமில்லை. அந்த வாக்கியமே ஒருவரை ஈர்க்கிறது. பல நேரங்களில் எழுதியவரின் இருப்பிடத்தையும் அதுவே காட்டிக்கொடுக்கிறது.

வரி விளம்பரத்தின் வாரிசு

இந்தியாவில் டேட்டிங் சுயவிவரம் வானத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு முன்னோடி ‘மணமகள் தேவை’ விளம்பரம். சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கிய காலத்தில் வயது, உயரம், நிறம், படிப்பு, சம்பளம், சாதி, நட்சத்திரம் ஆகியவை சுருக்கக் குறிகளாக அடுக்கப்பட்டன. ஒரு மனிதரின் இயல்பைச் சொல்ல மிஞ்சியது ஒன்றிரண்டு பெயரடைகள்தாம். அவற்றில் ‘ஹோம்லி’ என்ற ஆங்கிலச் சொல்லின் கதை சுவையானது. இந்திய விளம்பரங்களில் அது குடும்பப்பாங்கான பெண்ணைக் குறிக்கிறது. அமெரிக்க ஆங்கிலத்தில் அழகற்றவர் என்று பொருள். அமெரிக்காவில் வளர்ந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த விளம்பரத்தைப் படித்து என்ன நினைத்திருப்பார்களோ.

அந்தப் பெயரடைகளுக்கு உண்மையில் எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் அவர்களது சக ஆய்வாளர்களும், கொல்கத்தாவின் ஆனந்தபஜார் பத்ரிகா நாளிதழில் விளம்பரம் கொடுத்த 783 பேரைச் சந்தித்து, அவர்களுக்கு வந்த பதில் கடிதங்களையும் அவர்கள் எடுத்த முடிவுகளையும் ஆராய்ந்து 2013-ல் முடிவுகளை வெளியிட்டனர். பெண் தேடும் ஆண்களுக்குச் சொந்தச் சாதி என்பது, தன்னை ‘மிகவும் அழகானவர்’ என்று எழுதிய பெண்ணுக்கும் ‘சுமாரான தோற்றம்’ என்று எழுதிய பெண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் போல இரு மடங்கு கனமாக இருந்தது. பெண் வீட்டாரோ, வேறு சாதியைத் தவிர்ப்பதற்காக முதுகலைப் பட்டத்துக்கும் கல்வியே இல்லாமைக்கும் இடையிலான வேறுபாட்டையே விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தனர். ஆக, எவ்வளவு அழகாக எழுதினாலும் படிப்பவரின் கண் முதலில் தேடியது வேறொரு சொல்லைத்தான். 2011-12-ஆம் ஆண்டின் இந்திய மனிதவள மேம்பாட்டுக் கணக்கெடுப்பு, சாதி கடந்த திருமணங்கள் ஏறத்தாழ 5 விழுக்காடே என்று காட்டியதில் வியப்பில்லை.

2015 மே மாதம் மும்பையின் ‘மிட் டே’ நாளிதழில் வெளியான ஒரு விளம்பரம் நாடு முழுவதும் பேசப்பட்டது. சமூகச் செயற்பாட்டாளர் ஹரீஷ் ஐயருக்கு மணமகன் தேடி அவருடைய தாயார் பத்மா ஐயர் கொடுத்த விளம்பரம் அது. வேறு நாளிதழ்கள் வெளியிட மறுத்த அந்த விளம்பரத்தில், ஓர் ஆண் தன் மகனுக்கு வாழ்க்கைத் துணையாக வரவேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட துணிச்சல் இருந்தது. சாதி தடையில்லை, ஆனால் ஐயராக இருந்தால் நல்லது என்ற குறிப்பும் கூடவே இருந்தது. நகைச்சுவையாகச் சேர்த்ததென்று பிறகு விளக்கம் தரப்பட்டாலும், பழைய விளம்பர மொழி எவ்வளவு ஆழத்தில் உறைந்திருக்கிறது என்பதை அந்த ஒரு குறிப்பு காட்டிவிட்டது.

1990-களின் இறுதியில் வந்த திருமணத் தகவல் இணையதளங்கள் இதே அடுக்குகளைக் கட்டங்களாக மாற்றின. கட்டம் வந்ததும் வடிகட்டியும் வந்தது. ஷாதி டாட் காம் தளம் தோலின் நிறத்தைக் கொண்டு தேடும் வசதியை 2020 ஜூன் மாதத்தில்தான், அமெரிக்க வாழ் இந்தியப் பெண்கள் தொடங்கிய எதிர்ப்புக்குப் பிறகு, நீக்கியது. டேட்டிங் செயலிகளில் சாதிக்குக் கட்டம் கிடையாது. ஆனால் நாட்டின் பெரும்பகுதியில் குடும்பப் பெயரே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. தமிழ்நாட்டில் பெயரோடு சாதியை எழுதும் வழக்கம் பெருமளவு மறைந்துவிட்டதால், இங்கே அதே கேள்வி ‘சொந்த ஊர் எது’ என்ற உருவில் மூன்றாவது செய்தியிலேயே வந்து நிற்கும்.

ஈர்ப்பது எது?

சுயவிவரத்தில் எது எடுபடுகிறது என்பது குறித்து உளவியலிலும் தகவல்தொடர்பிலும் நிறைய ஆய்வுகள் நடந்துள்ளன. சமீர் சௌத்ரி, காலித் கான் ஆகிய இரு ஆய்வாளர்கள் அவற்றில் பலவற்றைத் தொகுத்து 2015-ல் மருத்துவ இதழ் ஒன்றில் கட்டுரை வெளியிட்டனர். அதில் பரவலாக எடுத்துப் பேசப்பட்ட கணக்கு 70-க்கு 30. சுயவிவரத்தில் 70 விழுக்காடு தன்னைப் பற்றியும், 30 விழுக்காடு எத்தகைய துணையைத் தேடுகிறோம் என்பது பற்றியும் இருந்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்பது அவர்களது கருத்து. ஆங்கில அகரவரிசையின் முற்பாதி எழுத்தில் தொடங்கும் பெயர் நல்லது என்ற பரிந்துரையும் அதில் உண்டு. நியூமராலஜி பார்த்துப் பெயரில் எழுத்தைக் கூட்டும் நம் நாட்டவருக்கு அது புதிதாகத் தோன்றாது.

தொகுப்பில் பயனுள்ள பகுதி வேறொன்று. நகைச்சுவை உணர்வு உள்ளவன் என்று எழுதுவதைவிடப் படிப்பவரைச் சிரிக்கவைக்கும் ஒரு வரி எழுதுவது மேல் என்கிறது அது. இந்திய சுயவிவரங்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். வரி விளம்பரத்தின் பெயரடைப் பழக்கம் இன்னும் விடவில்லை. ‘எளிமையானவர், நேர்மையானவர், குடும்பத்தை மதிப்பவர்’ என்று ஒருவர் எழுதினால் அதை மறுக்கவும் முடியாது, அதற்குப் பதில் எழுதவும் முடியாது. ‘பயணம் பிடிக்கும்’ என்பதும் அப்படியே. ‘விமானத்தைவிட ரயில். அதிலும் பக்கவாட்டு மேல் படுக்கை கிடைத்தால் சண்டை போடுவேன்’ என்று எழுதினால், படிப்பவருக்கும் ஒரு ரயில் கதை நினைவுக்கு வரும். ‘சமைக்கத் தெரியும்’ என்பதைவிட ‘வத்தக்குழம்பு என் கைவரிசை, சாம்பார் இன்னும் கைகூடவில்லை’ என்பது உரையாடலுக்குக் கதவைத் திறக்கிறது. சுயவிவரத்தின் வேலை எழுதியவரின் முழு வரலாற்றையும் சொல்வதன்று. எதிரே இருப்பவர் முதல் செய்தியை எழுத ஒரு பிடிமானம் கொடுப்பதே.

இந்தப் பிடிமானம் இந்தியச் சூழலில் கூடுதல் தேவை. டேட்டிங் செயலிகளில் ஆண்கள் மிக அதிகம், பெண்கள் குறைவு. 2019-21-ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியதாகச் சொன்ன பெண்கள் மூன்றில் ஒரு பங்கினர் மட்டுமே. ஆண்களில் பாதிக்கும் மேற்பட்டோர். செயலியில் இருக்கும் பெண்ணுக்கு ஒரே நாளில் குவியும் விருப்பக் குறிகளில் பெரும்பாலானவை ‘ஹாய்’ என்ற ஒற்றைச் சொல்லோடு வருகின்றன. எவரையும் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போகும் ஆணும், எவரையும் நம்ப முடியாத பெண்ணும் ஒரே செயலியில் இரு வேறு உலகங்களில் வாழ்கின்றனர்.

வேண்டாதவற்றின் பட்டியலும் ஒரு தொல்லை. ‘நேரத்தை வீணடிப்பவர்கள் வேண்டாம், பேசத் தெரியாதவர்கள் வேண்டாம்’ என்று நான்கு வரி போனால், முன்பு பட்ட காயம்தான் தெரிகிறதே தவிர ஆள் தெரிவதில்லை.

மொழியும் இதில் கலந்திருக்கிறது. பெரும்பாலான சுயவிவரங்கள் ஆங்கிலத்தில் எழுதப்படுகின்றன. வீட்டில் பேசாத மொழியில் தன்னை விவரிக்கும்போது தயார்ச் சொற்றொடர்கள்தாம் கைக்கு வருகின்றன. ஐல் நிறுவனம் மலையாளிகளுக்கு ‘அரிகே’, தமிழர்களுக்கு ‘அன்பே’ என்று மொழிவாரியாகச் செயலிகளைத் தொடங்கியது இந்த இடைவெளியைக் கண்டுதான். இப்போது செயற்கை நுண்ணறிவும் உதவிக்கு வந்துவிட்டது. ஹிஞ்ச் செயலி 2025 தொடக்கத்தில், பயனர் எழுதிய விடையைப் பார்த்து ‘இன்னும் சற்று ஆழமாகச் சொல்லுங்கள்’ என்று ஆலோசனை கூறும் வசதியை அறிமுகப்படுத்தியது. அது எழுதித் தருவதில்லை, திருத்தச் சொல்கிறது; அந்த அளவில் நல்லதே. முழுவதையும் உரையாடு மென்பொருளிடம் எழுதி வாங்குபவர்களின் சுயவிவரங்களோ, பிழையில்லாமல், ஒருவரிடமிருந்து இன்னொருவரைப் பிரித்தறிய முடியாமல், அதே ‘பயணம் பிடிக்கும்’ என்ற இடத்துக்கே சுற்றி வந்து சேர்கின்றன.

சிறு பொய்யும் பெரும் பொய்யும்

சுயவிவரத்தில் பொய் சொல்லாதவர் குறைவு. அமெரிக்காவின் கேடலினா டோமா, ஜெஃப்ரி ஹான்காக், நிக்கோல் எல்லிசன் ஆகிய ஆய்வாளர்கள் நியூயார்க்கில் 80 பேரை அழைத்து, உயரத்தை அளந்து, எடையைப் பார்த்து, வயதை அடையாள அட்டையில் சரிபார்த்து, அவர்களது சுயவிவரத்தோடு ஒப்பிட்டு 2008-ல் வெளியிட்ட ஆய்வில், இம்மூன்றில் ஒன்றிலாவது பொய் சொன்னவர்கள் 81 விழுக்காடு. ஆண்கள் உயரத்தைக் கூட்டினர், பெண்கள் எடையைக் குறைத்தனர். ஆனால் பொய்களின் அளவு பெரும்பாலும் சிறிது; நேரில் சந்திக்கும்போது கண்டுகொள்ள முடியாத அளவு. சந்திப்பு நடக்கப்போகிறது என்ற நினைப்பே பொய்க்குக் கடிவாளம் போட்டது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்தியாவில் சிக்கல் உயரத்திலும் எடையிலும் இல்லை. வேலை, சம்பளம், மணமாகிவிட்டதா என்பன போன்ற, முதல் சந்திப்பில் அளவுநாடாவால் அளக்க முடியாத செய்திகளில் இருக்கிறது. அவற்றில் சொல்லும் பொய் நீதிமன்றம் வரை போகக்கூடியது. இந்து திருமணச் சட்டம் 1955-ன் 12-ஆவது பிரிவின்படி, மணத்துக்கான சம்மதம் முக்கியமான உண்மையை மறைத்து மோசடியாகப் பெறப்பட்டிருந்தால், மோசடி தெரியவந்த ஓராண்டுக்குள் திருமணத்தை ரத்து செய்யக் கோரலாம். வேறொருவராக நடித்துக் கணினி வழியே ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. முந்தைய திருமணத்தை மறைத்து மறுமணம் செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆவது பிரிவில் பத்து ஆண்டுகள் வரை தண்டனை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த அதே சட்டத்தின் 69-ஆவது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமில்லாமல் திருமண வாக்குறுதி அளித்தோ, அடையாளத்தை மறைத்து மணந்தோ உறவு கொள்வதைக் குற்றமாக்குகிறது.

மத்திய அரசு 2016 ஜூனில் திருமணத் தகவல் தளங்களுக்கு வழிகாட்டுதல் ஒன்றை வெளியிட்டது. பயனரின் அடையாள ஆவணத்தைச் சரிபார்க்கவும், இது திருமணத்துக்கான தளம், டேட்டிங் தளமன்று என்று தெளிவாக அறிவிக்கவும் அது கூறியது. டேட்டிங் செயலிகளை அந்த வழிகாட்டுதல் இப்படி விலக்கி வைத்ததே தவிர, அவற்றில் துணை தேடுபவருக்கு என்ன பாதுகாப்பு என்று சொல்லவில்லை. அவை இன்றுவரை மற்ற சமூக ஊடகங்களைப் போலப் பொதுவான 2021 இடையீட்டாளர் விதிகளின் கீழேயே இயங்குகின்றன.

விவரம் சொன்னால் விலாசம் தெரியும்

ஈர்க்கும் சுயவிவரத்துக்கு நுணுக்கமான விவரம் வேண்டும் என்பது ஆய்வுகளின் முடிவு. பாதுகாப்புக்கோ விவரமே கூடாது. இந்த முரண்பாட்டின் சுமை ஆண்களைவிடப் பெண்கள் மீதே அதிகம் விழுகிறது. பெயரின் முதல் பகுதி, பணிபுரியும் நிறுவனம், தினமும் ஓடச் செல்லும் பூங்கா, பின்னணியில் அடுக்குமாடிக் குடியிருப்பின் பெயர்ப்பலகை தெரியும் ஒரு படம். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் சாதாரணம். நான்கையும் சேர்த்தால் ஒரு அந்நியர் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் நிற்க முடியும்.

படங்களின் கதி இன்னும் மோசமாகலாம். 2021 ஜூலையிலும் 2022 ஜனவரியிலும், முஸ்லிம் பெண்கள் பொதுவெளியில் பகிர்ந்த படங்களைத் திருடி, அவர்களை ‘ஏலம்’ விடுவதுபோல் இரு செயலிகள் கிட்ஹப் தளத்தில் உருவாக்கப்பட்டு, காவல்துறை பலரைக் கைது செய்தது. அந்தப் பெண்கள் டேட்டிங் செயலியில் இருந்தவர்கள் அல்லர். பொதுவாழ்வில் குரல் கொடுத்ததே அவர்கள் செய்தது. ஒரு பெண்ணின் படம் எங்கிருந்து எங்கே போகும் என்பதை நாடு அப்போது பார்த்தது. சமூக ஊடகத்தில் உள்ள அதே படத்தை டேட்டிங் செயலியிலும் வைத்தால், படத்தை வைத்துத் தேடும் வசதி அரை நிமிடத்தில் முழுப்பெயரைக் கொடுத்துவிடும்.

ஆண்கள் தப்பிவிடுவதில்லை. 2024 ஜூனில் டெல்லியில் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகிவந்த இளைஞர் ஒருவர், டேட்டிங் செயலியில் அறிமுகமான பெண்ணோடு ஒரு கஃபேக்குச் சென்றார். சிறிது நேரத்தில் அந்தப் பெண் எழுந்து போய்விட, இளைஞரிடம் நீட்டப்பட்ட ரசீது ஏறத்தாழ 1.2 லட்சம் ரூபாய். கஃபேயும் பெண்ணும் கூட்டு என்பது காவல்துறை விசாரணையில் தெரியவந்தது. தன்பாலின ஈர்ப்பாளர்களைச் செயலி வழியே வரவழைத்து மிரட்டிப் பணம் பறித்த வழக்குகளும் பல நகரங்களில் பதிவாகியுள்ளன. 2018 செப்டம்பர் 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றமற்றதாக்கிவிட்டது. வீட்டில் தெரிந்துவிடும் என்ற அச்சத்தை எந்தத் தீர்ப்பும் நீக்கிவிடவில்லை. மிரட்டுபவர்களின் முதலீடு அந்த அச்சம்தான்.

ஆகவே எந்த விவரம் என்பதே கேள்வி. விருப்பத்தின் விவரத்தைத் தாராளமாகச் சொல்லலாம், இருப்பிடத்தின் விவரத்தைச் சொல்லக் கூடாது. எந்தப் பாட்டைக் கேட்டால் கண் கலங்கும் என்பதை எழுதலாம். எந்தத் தெருவின் தேநீர்க் கடையில் தினமும் மாலை நிற்பார் என்பதை எழுத வேண்டியதில்லை. மருத்துவமனையில் வேலை என்றால் போதும், எந்த மருத்துவமனை என்பது மூன்றாவது சந்திப்புக்கான செய்தி. செயலிக்கென்று வேறெங்கும் வெளியாகாத படங்களை எடுத்து வைப்பதும், சந்திக்கும் இடத்தைத் தானே தேர்ந்தெடுப்பதும், நண்பர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதும் அவநம்பிக்கையாகாது. ஏமாற்றப்பட்டு விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனடியாகப் புகார் அளிக்க வேண்டும். பணம் கைமாறிய முதல் சில மணி நேரத்தில் வரும் புகாரால் தொகையை முடக்க வாய்ப்பு அதிகம்.

சட்டம் எழுதச் சொல்லும் சுயவிவரம்

இத்தனை கவனத்தோடு எழுதி, இத்தனை வடிகட்டிகளைக் கடந்து, மதமோ சாதியோ வேறான இருவர் செயலி வழியே சந்தித்து மணம் செய்ய முடிவெடுத்தால் அவர்களுக்கு மற்றொரு சுயவிவரம் காத்திருக்கிறது. சிறப்புத் திருமணச் சட்டம் 1954-ன் இரண்டாவது அட்டவணையில் உள்ள படிவம் பெயர், மணநிலை, தொழில், வயது, வசிப்பிடம், அங்கே எவ்வளவு காலமாக வசிக்கின்றனர் என்பவற்றைக் கேட்கிறது. அந்த அறிவிப்பைத் திருமண அதிகாரி தம் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்ட வேண்டும். 30 நாள்களுக்குள் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

கேரளத்தில் இந்த அறிவிப்புகள் பதிவுத்துறை இணையதளத்தில் வெளியாகி, மதம் கடந்து மணப்பவர்களின் படமும் முகவரியும் சமூக ஊடகங்களில் சுற்றத் தொடங்கியதால், 2020 ஜூலையில் இணையத்தில் வெளியிடுவதை அம்மாநில அரசு நிறுத்தியது. அறிவிப்பை வெளியிட வேண்டுமா என்பதை மணம் செய்யும் இருவரே முடிவு செய்யலாம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. செயலியில் தெருப்பெயரைக்கூட எழுதாமல் காத்துக்கொண்ட பெண்ணின் முழு முகவரி, பதிவாளர் அலுவலகத் தாழ்வாரத்துப் பலகையில் ஒரு மாதம் தொங்கக்கூடும்.